வண்டி மாறும் இடத்திலிருந்து ஒரு மடல்

நகரப் போக்குவரத்துத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம்.

கருத்துக் கேட்பதற்காக நீங்கள் வெளியிட்ட வரைவுத் திட்டத்தை முழுதாகப் படித்துவிட்டேன். இரண்டு இரவுகள் ஆயின. வரைபடங்கள் அழகாக இருக்கின்றன. மெட்ரோவுக்கு நீலக் கோடு, புறநகர் ரயிலுக்குப் பச்சை, பேருந்துக்குச் சிவப்பு, சைக்கிள் பாதைக்குப் புள்ளிக் கோடு. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம். கீழே குறிப்பில் 'மாறும் இடம்' என்று போட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதான். இத்தனை பக்கங்களில், அந்த வட்டத்துக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அரைப் பக்கம்கூட ஒதுக்கவில்லை.

அந்த வட்டங்களில் ஒன்றில் நான் தினமும் நிற்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

ரயிலை விட்டு இறங்குகிறேன். நடைமேடையின் ஒரு முனையில் மட்டும்தான் படிக்கட்டு. ஏறி, பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். எஸ்கலேட்டர் இருக்கிறது, ஓடுமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். வெளியே வந்தால் சாலை. பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம், அதுவும் நேர் எதிரே இல்லை, 300 மீட்டர் தள்ளி. நடுவே கம்பித் தடுப்பு. சிக்னல் வரை போய், கடந்து, வந்த தூரத்தைத் திரும்பி நடக்க வேண்டும். நிறுத்தத்தை நெருங்கும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அடுத்தது எப்போது என்று சொல்லும் பலகையும் கிடையாது. நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டும். நிறையப் பேர் நின்றால் நல்ல சகுனம், பஸ் வரப்போகிறது. ஒருவரும் இல்லையென்றால் இப்போதுதான் போயிருக்கிறது.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவருக்கு முழங்கால் வலி. பாலத்துப் படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "அடுத்த தடவை டாக்ஸியிலேயே போயிடலாம்" என்றார். ரயிலில் உட்கார்ந்து வந்த 20 நிமிடத்தைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் சந்தோஷம்கூட. குறை முழுவதும் அந்த வெள்ளை வட்டத்துக்குள்தான் இருந்தது.

இது ஓர் அம்மாவின் முழங்கால் பிரச்சினை மட்டும் இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தைவிட நிறுத்தத்தில் காத்திருக்கும் ஒரு நிமிடம் பயணிக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கிறது என்பது போக்குவரத்துத் திட்டமிடலில் பல ஆண்டுகளாகப் புழங்கும் கணக்கு. உங்கள் பொறியாளர்களும் இதைத்தான் பயன்படுத்துவார்கள். அதற்கு மேல், மாறுவதற்கென்றே தனியாகச் சில நிமிடங்கள் 'தண்டனை'யாகச் சேர்ப்பார்கள். கணக்கில் இருக்கிறது, திட்டத்தில் இல்லை. ஒரு கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி இரண்டு நிமிடம் மிச்சப்படுத்துகிறோம், பிறகு படிக்கட்டை எங்கோ வைத்து நான்கு நிமிடம் தொலைக்கிறோம்.

பல்வகைப் போக்குவரத்து என்று அட்டையில் பெரிதாக எழுதியிருக்கிறீர்கள். நகரத்தில் பல வகை வண்டிகள் ஓடுவதால் மட்டும் அது வந்துவிடாது. அப்படிப் பார்த்தால் எந்த நகரமும் பல்வகைதான், நடுச்சாலையில் எல்லா வகையும் ஒன்றாக நிற்கின்றன. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும்போது பயணம் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். எனவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: திட்டத்தை அந்த வட்டங்களிலிருந்து எழுதத் தொடங்குங்கள். கோடுகளை அப்புறம் போடலாம்.

ஏன் வட்டம் வெறுமையாக இருக்கிறது என்று எனக்குப் புரியாமல் இல்லை. ரயில் ஒரு நிறுவனத்துடையது, பஸ் இன்னொன்றுடையது, நடைபாதை உள்ளாட்சியுடையது, சிக்னல் காவல்துறை பார்ப்பது, சாலை வேறொரு துறை போட்டது. ஒவ்வொருவரின் பொறுப்பும் அவரவர் வாசலோடு முடிகிறது. வாசலுக்கும் வாசலுக்கும் நடுவே இருக்கும் இடம் யாருடையதும் இல்லை. அங்கேதான் நாங்கள் மழையில் நனைகிறோம்.

இதே சிக்கல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்கும் இருந்தது. 1965-இல் அங்கே ரயில், பஸ், படகு நடத்திய நிறுவனங்களைச் சேர்த்து ஒரு போக்குவரத்துக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். உலகிலேயே இப்படி ஒன்று அதுதான் முதல். நிறுவனங்கள் தனித்தனியாகவே இருந்தன, யாரையும் யாரோடும் இணைத்துவிடவில்லை. ஆனால் பயணி கண்ணுக்கு ஒரே டிக்கெட், ஒரே கட்டண அட்டவணை, ஒன்றோடொன்று பொருந்தும் கால அட்டவணை. வசூல் ஒரு பொதுப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து உடன்பாட்டின்படி பிரிந்தது. கடினமான பகுதி இதுதான், தொழில்நுட்பம் இல்லை. ஒருவர் பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்கினால் அந்தக் காசு யாருக்கு எவ்வளவு என்ற சண்டையை மேசையில் ஒருமுறை போட்டுத் தீர்க்காவிட்டால், பயணி அதை நிறுத்தத்தில் தினமும் போட வேண்டியிருக்கும். 1990-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் வட்டாரமும் இதே வழியில் போனது. புறநகர் ரயிலும் கூட்டமைப்பும் ஒரே நேரத்தில் தொடங்கின.

உங்கள் வரைவில் 'ஒருங்கிணைப்புக் குழு' என்று ஒன்று வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடுமாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தேநீர் குடிக்கத்தான் உதவும். கட்டணம், கால அட்டவணை, வழித்தடம் இந்த மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரமும் வருமானத்தைப் பிரிக்கும் அதிகாரமும் உள்ள அமைப்பு வேண்டும். அது இல்லாமல் அச்சடிக்கும் எந்த வரைபடமும் சுவரில் மாட்டத்தான்.

கால அட்டவணைக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் பைத்தியம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? முதலில் பாதையைப் போடுகிறோம், பிறகு வண்டியை வாங்குகிறோம், கடைசியில் கிடைத்ததை வைத்து அட்டவணை போடுகிறோம். சுவிட்சர்லாந்துக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். 1982-இல் நாடு முழுவதும் ஒரே சீரான இடைவெளியில் ரயில் ஓடும் அட்டவணைக்கு மாறினார்கள். பிறகு 'ரயில் 2000' என்ற திட்டத்தை 1987-இல் மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டு ஒப்புதல் வாங்கினார்கள். அதன் அடிப்படை எளிமையானது. முக்கியச் சந்திப்பு நிலையங்களில் எல்லாத் திசை ரயில்களும் கடிகாரத்தில் முழு மணி அடிப்பதற்குச் சற்று முன் வந்து சேரும், மணி அடித்துச் சற்று நேரத்தில் கிளம்பிவிடும். நடுவில் இருக்கும் சில நிமிடங்களில் யார் எதற்கு வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். இது நடக்க வேண்டுமானால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பயண நேரம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவாகவோ அரை மணிக்குச் சற்றுக் குறைவாகவோ இருக்க வேண்டும். சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே ஒரு மணியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதை ஒரு மணிக்குள் கொண்டுவர எவ்வளவு தேவையோ அந்த அளவுக்குப் புதிய பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் அட்டவணை நடைமுறைக்கு வந்தது. முடிந்தவரை வேகம் என்பது அவர்கள் கொள்கை இல்லை, தேவையான அளவு வேகம் போதும் என்பதுதான். எந்தச் சந்திப்பில் யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று முதலில் எழுதி, பிறகு எங்கே தண்டவாளம் போடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

நகரத்துக்குள் மணிக்கணக்கு வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் யாரும் அட்டவணையைப் பார்க்க மாட்டார்கள், நிறுத்தத்துக்கு வந்து நிற்பார்கள், அவ்வளவுதான். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று காகிதத்தில் எழுதினால் போதாது. மணிக்கு ஆறு பஸ் சீராக வந்தால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்பேன். அதே ஆறு பஸ் இரண்டிரண்டாகச் சேர்ந்து வந்தால் 20 நிமிடத்துக்கு ஒரு ஜோடி, காத்திருப்பு 10 நிமிடம். டீசல் அதே, ஓட்டுநர் அதே, செலவு அதே. எனக்குக் கிடைப்பது பாதிச் சேவை.

பஸ்கள் ஏன் சேர்ந்து வருகின்றன? ஓட்டுநர்கள் கூட்டு வைத்துக்கொண்டு வருவதாகத்தான் நிறுத்தத்தில் திட்டுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன். உண்மையில் அவர்கள் பாவம். ஒரு பஸ் ஏதோ காரணத்தால் இரண்டு நிமிடம் தாமதமாகிறது. அதற்குள் அடுத்த நிறுத்தத்தில் ஆட்கள் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரம் ஆகிறது, தாமதம் வளர்கிறது. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஆள் குறைவு, சட்டென்று கிளம்பி முன்னதைத் தொட்டுவிடுகிறது. இதை உடைக்க வழிகள் தெரிந்தவைதான். டிக்கெட்டை ஏறும் முன்பே வாங்கிவிடுவது, எல்லாக் கதவுகளிலும் ஏற விடுவது, படி ஏறாமல் தரையோடு தரையாக உள்ளே போக வைப்பது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1991-இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்களைக் கட்டியது இதற்குத்தான். பயணி குழாய்க்குள் நுழையும்போதே கட்டணம் கட்டிவிடுவார், பஸ் வந்ததும் அகலமான கதவுகள் மேடை மட்டத்தில் திறக்கும். மெட்ரோவில் நடப்பதைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தார்கள், மெட்ரோவின் செலவு இல்லாமல். இதோடு, வழியில் சில நிறுத்தங்களில் முன்கூட்டி வந்த பஸ்ஸை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க ஆள் வேண்டும். தென்கொரியத் தலைநகர் சோல் 2004 ஜூலை 1 அன்று மொத்தப் பஸ் அமைப்பையும் ஒரே நாளில் மாற்றியது. அதுவரை தனியார் நிறுவனங்கள் லாபமான தடங்களுக்கு அடித்துக்கொண்டன. அதற்குப் பின் தடத்தையும் நேரத்தையும் நகர நிர்வாகம் முடிவு செய்தது. நிறுவனங்களுக்கு ஓடிய தூரத்துக்குப் பணம், எத்தனை பயணி ஏறினார்கள் என்பதற்கு இல்லை. ஆளைப் பிடிக்க ஓட்டப்பந்தயம் விடும் அவசியமே போய்விட்டது. முதல் நாட்களில் பெரிய குழப்பம், மக்கள் கோபம் எல்லாம் இருந்தன. பின்வாங்கவில்லை.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. நான் ஒரே பயணம் போகிறேன், நீங்கள் இரண்டாக எண்ணுகிறீர்கள். ரயிலில் ஏறும்போது ஒரு குறைந்தபட்சக் கட்டணம், இறங்கிப் பஸ் ஏறினால் இன்னொரு குறைந்தபட்சக் கட்டணம். மாறியதற்கு அபராதம் போட்டதுபோல் இருக்கிறது. இதன் விளைவு என்ன தெரியுமா? மக்கள் எல்லாரும் எங்கள் தெருவிலிருந்து எல்லா இடத்துக்கும் நேரடிப் பஸ் கேட்கிறார்கள். அரசியல்வாதி விடுகிறார். நீளமான, வளைந்து வளைந்து போகும், மணிக்கு ஒரு தடவை வரும் நூறு தடங்கள் உருவாகின்றன. மாறுவது இலவசமாகவும் எளிதாகவும் இருந்தால் நேரான, அடிக்கடி ஓடும் இருபது முப்பது தடங்கள் போதும். சிங்கப்பூர் 2010-இல் மொத்தப் பயண தூரத்துக்கு மட்டுமே கட்டணம் என்று மாற்றியது. இடையில் சில முறை பஸ்ஸும் ரயிலும் மாறினாலும் நேராகப் போனவர் கொடுப்பதுதான் கட்டணம். லண்டனில் 2016 முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் இரண்டாவது பஸ்ஸுக்குக் காசு இல்லை, பின்னர் எத்தனை பஸ் ஏறினாலும் அப்படித்தான் என்று ஆக்கினார்கள்.

எல்லாவற்றையும் இலவசமாகவே கொடுத்துவிடலாமே என்று குழுவில் யாராவது சொல்வார்கள். எஸ்டோனியாவின் தாலின் நகரம் 2013 முதல் தன் குடியிருப்பாளர்களுக்கு அப்படிக் கொடுத்தது. பஸ்ஸில் கூட்டம் கூடியது உண்மை. ஆனால் வந்தவர்களில் அதுவரை நடந்து போனவர்கள் நிறைய, காரை விட்டு வந்தவர்கள் குறைவு. கையில் காசு இருந்தால் முதலில் பஸ்ஸை அடிக்கடி விடுங்கள் என்பேன். கட்டணம் கொடுக்க முடியாதவர்களுக்குச் சலுகை கொடுங்கள், அது வேறு கணக்கு. வராத பஸ் இலவசமாக இருந்து என்ன பயன்?

உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் 500 மீட்டர் ஆரத்தில் ஒரு மெல்லிய வளையம் போட்டிருக்கிறீர்கள். அதற்குள் வசிப்பவர்கள் எல்லாரும் நடக்கும் தூரத்தில் இருப்பதாகக் கணக்கு. காம்பஸுக்குச் சுவர் தெரியாது. என் நிலையத்தில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வாசல். மறுபக்கக் குடியிருப்பின் மொட்டைமாடியில் துணி காய்வது நடைமேடையிலிருந்தே தெரியும். அங்கிருந்து நிலையத்துக்கு வர 15 நிமிடம் சுற்ற வேண்டும். சுவரில் ஓர் இடத்தில் செங்கல் பெயர்ந்து ஆள் நுழையும் அளவு ஓட்டை இருக்கிறது. அடைக்கிறார்கள், மறுவாரம் மறுபடி திறக்கிறது. அந்த ஓட்டைதான் அந்தப் பகுதி மக்கள் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கும் மனு. இன்னொரு வாசல் வைப்பதற்கு ஆகும் செலவு, புதிய நிலையம் ஒன்றின் செலவில் ஒரு துளி. நடந்தே வந்து சேரும் நேரத்தை வைத்து வளையத்தை மறுபடி வரையுங்கள். வட்டம் நசுங்கி, காதும் மூக்கும் முளைத்து, பார்க்கவே விகாரமாக இருக்கும். உண்மையான நகரம் அதுதான்.

நடப்பவர்கள் உங்கள் புள்ளிவிவரத்திலேயே தொலைந்துபோகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் ஒரு பயணத்தில் நடை, பஸ், ரயில் மூன்றும் இருந்தால், 'முக்கிய வாகனம்' ரயில் என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடுவது வழக்கம். நடையும் பஸ்ஸும் மாறும் இடமும் அங்கேயே மறைந்துவிடுகின்றன. அதோடு, வீட்டிலிருந்து வேலை, வேலையிலிருந்து வீடு என்ற காலை மாலைப் பயணத்தைத்தான் விரிவாகக் கேட்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, மருந்து வாங்கிக்கொண்டு, வயதானவரைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும் சங்கிலிப் பயணம் எந்தக் கட்டத்தில் வரும்? அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வியன்னா நகரம் 1990-களிலிருந்தே பெண்களின் அன்றாடப் பயணத்தைத் தனியாகக் கவனித்து, நடைபாதைகளை அகலமாக்கி, விளக்குப் போட்டு, தள்ளுவண்டி போகச் சரிவு வைத்தது. சங்கிலிப் பயணம் போகிறவர்களுக்குத்தான் மாறும் இடங்கள் அதிகம். படிக்கட்டில் கையில் குழந்தையும் பையுமாக நிற்பவர்களும் அவர்கள்தான்.

வேகம் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல், 30-இல் வருவதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. பள்ளி இயற்பியல்தான். பின்லாந்தின் ஹெல்சின்கியில் குடியிருப்புத் தெருக்களிலும் நகர மையத்திலும் 30 என்று ஆக்கினார்கள். 2019-இல் அந்த நகரத்தில் சாலையில் நடந்து சென்றவர் ஒருவர்கூட இறக்கவில்லை. நிலைய வாசலில் இருக்கும் சாலையில் 30 என்று எழுதுவதோடு நிற்காமல், கடக்கும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு உயர்த்திவிடுங்கள். போர்டு சொல்வதை ஓட்டுநர் கேட்காவிட்டாலும் மேடு சொல்வதை அச்சாணி கேட்கும்.

சைக்கிளுக்கு நீங்கள் போட்டிருக்கும் புள்ளிக் கோடுகள் பூங்காவைச் சுற்றி இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்கு நல்லது. நிலையத்துக்கு வருபவர்களுக்குப் பாதையும், வந்ததும் பூட்டி வைக்க இடமும் வேண்டும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தின் அடியில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் இருக்கிறது, 2019-இல் கட்டி முடித்தார்கள். பூட்டிவிட்டு நேராக நடைமேடைக்குப் போகலாம். சைக்கிளை அவர்கள் ரயிலுக்குப் போட்டியாகப் பார்க்கவில்லை, ரயிலுக்கு ஆள் கொண்டுவந்து சேர்க்கும் வண்டியாகப் பார்க்கிறார்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. திட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பணம் மேம்பாலங்களுக்கும் சாலை அகலப்படுத்தலுக்கும் போகிறது. அட்டையில் 'நிலைத்த' என்ற சொல் இருக்கிறது, அதாவது சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நெடுநாள் தாங்குவது. உள்ளே அது இல்லை. உச்ச நேர நெரிசல் புதிய சாலையின் கொள்ளளவை எட்டும்வரை வளரும் என்று ஆண்டனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1962-இலேயே எழுதினார். ஜில் டுரான்டன், மாத்யூ டர்னர் இருவரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளை வைத்து 2011-இல் வெளியிட்ட ஆய்வும், சாலை எந்த விகிதத்தில் நீள்கிறதோ வண்டிகள் ஓடும் தூரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது என்று காட்டியது. ஹூஸ்டன் நகரத்தின் கேட்டி நெடுஞ்சாலையை 2008-இல் அகலப்படுத்தி முடித்தபோது, சில இடங்களில் பக்கச் சாலைகளையும் சேர்த்து 26 தடங்கள். சில ஆண்டுகளில் நெரிசல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. பானை பெரிதானால் சோறும் கூடுகிறது, பசி மட்டும் அப்படியே இருக்கிறது.

மேம்பாலம் எங்கள் வட்டத்துக்கு என்ன செய்யும் என்றும் பாருங்கள். அதன் தூண்கள் நடைபாதையில் இறங்கும். அதன் சரிவு இறங்கும் இடத்தில் வண்டிகள் வேகமெடுக்கும், அங்கே யாரும் சாலையைக் கடக்க முடியாது. நிறுத்தம் இன்னும் 200 மீட்டர் தள்ளிப் போகும். அதே பணத்தில் ஒரு பகுதியை வைத்து, இருக்கும் சாலையிலேயே ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கினால் அந்தத் தடத்தில் போகும் ஆட்களின் எண்ணிக்கை பல மடங்காகும். காருக்கு இடம் குறையுமே என்பீர்கள். குறையும். மறைத்துப் பேச வேண்டாம், அதை வெளிப்படையாகச் சொல்லியே செய்ய வேண்டியிருக்கும்.

அதை எந்த வரிசையில் செய்வது என்பதற்கு ஸ்டாக்ஹோம் நல்ல உதாரணம். நகரத்துக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் என்று முடிவானபோது மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். நிர்வாகம் 2005 ஆகஸ்டிலேயே புதிய பஸ்களையும் தடங்களையும் விட்டது. கட்டணம் தொடங்கியது 2006 ஜனவரி 3 அன்று, அதுவும் ஏழு மாதச் சோதனையாக மட்டும். எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. சோதனையை நிறுத்தினார்கள், வண்டிகள் திரும்பி வந்தன, வித்தியாசம் எல்லார் கண்ணிலும் பட்டது. செப்டம்பர் வாக்கெடுப்பில் நகர மக்கள் ஆதரித்தார்கள். 2007 ஆகஸ்டில் நிரந்தரமானது. மாற்று வழியைக் கையில் கொடுத்துவிட்டுப் பழைய வழிக்கு விலை போட்டார்கள். நம் ஊர்களில் எல்லாம் முதலில் அபராதம் வரும், பஸ் பத்து வருடம் கழித்து வரும்.

மின்சார வாகனங்களுக்கு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள். புகை குறைவது நல்லதுதான். சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017-க்குள் தன் 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை முழுக்க மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது, அதைத் தாராளமாகப் பின்பற்றலாம். ஆனால் மின்சாரக் காரும் பெட்ரோல் காரும் சாலையில் அடைக்கும் இடம் ஒன்றுதான். சத்தமில்லாத நெரிசல் கிடைக்கும்.

கடைசியாகப் பணம். நான் பார்த்தவரை, நகரங்களுக்குக் கட்டுவதற்குக் காசு கிடைக்கிறது, ஓட்டுவதற்குக் கிடைப்பதில்லை. நிலையம் கட்டினால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை வந்த பஸ் 8 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதற்குக் கல்வெட்டு எங்கே வைப்பது? அதற்கு வேண்டியது ஓட்டுநர் சம்பளம், பணிமனையில் உதிரிபாகம், நிறுத்தத்துக்கு விளக்கு. மாதாமாதம் கொடுக்க வேண்டும், யாரும் படம் எடுக்க மாட்டார்கள். எஸ்கலேட்டர் வாங்கியவர் பெயர் பலகையில் இருக்கிறது, பழுது பார்ப்பவருக்கு ஒப்பந்தம் முடிந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. உங்கள் வரைவின் நிதி அட்டவணையில் மூலதனச் செலவு ஆண்டு வாரியாக இருக்கிறது. இயக்கச் செலவு 'பின்னர் முடிவு செய்யப்படும்' என்ற ஒற்றை வரி. அந்த வரியை நிரப்பாமல் இந்தத் திட்டத்தை நிறைவேற்றக் கூடாது என்பது என் கருத்து. பார்க்கிங் கட்டணம், நகர நுழைவுக் கட்டணம், நிலையத்தைச் சுற்றி மதிப்பு ஏறும் நிலத்தின் மீது வரி என்று எதிலிருந்து வந்தாலும் சரி, இயக்கத்துக்கென்று கட்டி வைத்த தனி நிதி இருக்க வேண்டும். ஒவ்வொரு பட்ஜெட்டிலும் போய்க் கை நீட்டும் நிலை கூடாது.

ஒரு யோசனை. இறுதி அறிக்கைக்கு முன்னால், குழுவில் இருக்கும் எல்லாரும் அந்த வெள்ளை வட்டங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுங்கள். ஆளுக்கு ஒரு கனமான பை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரையோ நடக்கப் பழகும் குழந்தையையோ கூட்டி வாருங்கள். அலுவலக வண்டியை அனுப்பிவிடுங்கள். ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்து, அடுத்த வட்டத்துக்குப் போய், அங்கே மறுபடி மாறுங்கள். கடிகாரத்தைப் பார்த்து மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் நடந்தோம், எத்தனை நிமிடம் நின்றோம், எத்தனை படி ஏறினோம். அந்த மூன்று எண்களும் ஒவ்வொரு வட்டத்துக்கும் நேராக அறிக்கையில் அச்சாகட்டும். ஐந்து ஆண்டு கழித்து அவை எவ்வளவு ஆக வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படாது.

என் நிலையத்துக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். சுவரில் ஓட்டை எங்கே என்று காட்டுகிறேன். காலை பதினோரு மணிக்கு மட்டும் வராதீர்கள், அப்போது எஸ்கலேட்டர்கூட ஓடும். மாலை ஆறரைக்கு வாருங்கள், மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. குடை எடுத்து வாருங்கள், நிறுத்தத்தில் கூரை கிடையாது.

இப்படிக்கு,
தினமும் இரண்டு முறை வண்டி மாறும் ஒரு பயணி